நாடி 54: மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா?

மார்ச் 3, இரவு 9.40. முதல் கேள்வி

அப்பாவுக்கு 68 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது என்று ஆறு வருடமாக அட்டெனோலால் 50 சாப்பிட்டார். போன மாதம் அதை நிறுத்திவிட்டுப் பைசோப்ரோலால் 5 கொடுத்திருக்கிறார்கள். மஞ்சளாக, இதய வடிவத்தில் இருக்கிறது. வீட்டு மெஷினில் நாடி 54 காட்டுகிறது. மெதுவாக அடிக்கிற இதயம் பலவீனமான இதயம்தானே? அதனால் முந்தாநாளிலிருந்து பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். இரண்டும் பேட்டா பிளாக்கர், அதாவது நாடியைக் குறைக்கும் மருந்து வகையாம்; எல்லாமே ஒரே சரக்கு, பெயர்தான் வேறு என்கிறான் நண்பன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, காலை 5.50

உடைப்பதை நிறுத்துங்கள் தம்பி. தலைச்சுற்றல், மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரி. எதுவும் இல்லையென்றால் கிளினிக் திறந்ததும் போன் செய்து, இரண்டு நாளாகப் பாதிதான் கொடுத்தேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மற்றதை ராத்திரி எழுதுகிறேன். பால் கடைக்காரன் வந்துவிட்டான்.

மார்ச் 4, இரவு 10.15

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டாக்டர் என்று நினைத்துவிடுவீர்கள். நான் ஓய்வுபெற்ற செக்ரோல் கிராணி, தோட்டத்தில் ஆள் வருகைப் பதிவு எழுதுகிற கணக்கன். முப்பத்தொரு வருடம், விடியற்காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு எழுதியவன். 2009-இல் எனக்கே நெஞ்சு அழுத்தம் வந்தது. ஆபீஸிலிருந்து ஸ்டோருக்கு ஏறும் மேட்டில், பாதி வழியில், யாரோ மண்மூட்டையை மார்பில் வைத்த மாதிரி. காற்றுப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் கோடாலித் தைலம் தேய்த்தார்கள். மூன்று வாரம் தேய்த்தார்கள். நின்றால் அடங்கியது, நடந்தால் வந்தது. தைலத்துக்கு அந்தக் கணக்கு புரியவில்லை.

2011-இல் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். ஒரு குழாயில் அடைப்பு, ஆனால் மருந்திலேயே பார்க்கலாம் என்றார்கள். 2009-இல் வலி வந்த நாளிலிருந்தே எழுதாத செக்ரோல் புத்தகம் ஒன்றில் நாடி, பிரஷர், எத்தனையாவது விளக்குக் கம்பத்தில் வலி வந்தது என்று எழுதிக்கொண்டு வருகிறேன். வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் வரை ஏற்றத்தில் பதினாலு கம்பம். பழைய பழக்கம், கட்டம் போட்ட தாளைக் கண்டால் கை சும்மா இராது.

இப்போது உங்கள் 54. நெஞ்சு வலிக்காரர்களுக்கு ஓய்வில் நாடியை 55, 60 பக்கம் கொண்டுவருவதற்குத்தான் இந்த மாத்திரையே. 54 என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், இதயம் ஓய்ந்துவிட்டது என்பதற்கல்ல. 50-க்குக் கீழே போனாலோ, 54-லேயே தலை சுற்றினாலோ அது வேறு பேச்சு.

மார்ச் 5, காலை 6.30

நேற்று விட்டுப்போனது. மெதுவாக அடித்தால் ஏன் நல்லது?

பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவர் தான் உட்கார்ந்து சாப்பிடுவது பந்தி எழுந்த பிறகுதான். இதயமும் அப்படி. சுருங்கும்போது உடம்புக்கெல்லாம் ரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் தன்னுடைய தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. விரிந்து ஓய்கிற இடைவெளியில்தான் இடப்பக்க இதயத்துக்குப் பெரும்பாலான ரத்தம் கிடைக்கிறது. நாடி 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் சுமார் 0.3 சுருக்கம், 0.5 ஓய்வு. நாடி 120 ஆனால் முழுத் துடிப்புக்கே அரை வினாடிதான். வேகம் கூடும்போது சுருங்குகிற நேரம் கொஞ்சம்தான் குறைகிறது, வெட்டு விழுவது ஓய்வு நேரத்தில். பந்திக்கு மேல் பந்தி, பரிமாறுகிறவருக்கு இலை போட நேரமில்லை.

பேட்டா பிளாக்கர் ஒரே சமயத்தில் மூன்று வேலை பார்க்கிறது. துடிப்பைக் குறைக்கிறது, சுருங்கும் முறுக்கைக் குறைக்கிறது, பிரஷரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்து இதயத்துக்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் குறைக்கின்றன. அதோடு சாப்பிடுகிற நேரமும் கூடுகிறது. இந்த மருந்து அடைப்பை எடுக்காது. அதை எதிர்பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

மார்ச் 5, மதியம்

இன்னொரு கணக்கு. நாடியை மேல் பிரஷரோடு பெருக்குங்கள். இதயம் பார்க்கிற வேலைக்கு அது ஒரு தோராய அளவு. மாத்திரை இல்லாத காலத்தில் ஓய்வில் எனக்கு 78, 142, பெருக்கினால் 11,076. அட்டெனோலால் எடுத்த பிறகு 57, 128, அதாவது 7,296. வேலையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்! எந்தத் துரையும் எந்தக் காலத்திலும் இப்படி வேலை குறைத்ததில்லை.

ஒவ்வொருவருக்கும் வலி வருகிற பெருக்குத்தொகை ஏறக்குறைய நிலையாக இருக்கும். எனக்கு 19,000. மாத்திரை அதை மாற்றாது; அந்த எண்ணை எட்டுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

மார்ச் 7, இரவு

மேலே கடைசி வரிகளை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அன்றைக்கே பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாத்திரைக்கு முன், ஐந்தாவது கம்பத்தில் வலி வந்தபோது 116, 164. பெருக்கினால் 19,024. சரி. அட்டெனோலால் காலத்தில் பதினோராவது கம்பத்தில் வலி வந்தபோது 98, 162. பெருக்கினால் 15,876. அதாவது குறைந்த தொகையிலேயே வலி வந்திருக்கிறது. என் கணக்கு தப்பா, மெஷின் தப்பா என்று இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

கணக்கு தப்பில்லை. அந்தப் பெருக்கலில் இதயத்தின் அளவு சேரவில்லை. துடிப்பு மெதுவானால் நிரம்புகிற நேரம் கூடும், இதயம் கொஞ்சம் பெரிதாக விரியும், சுவரில் இழுவை கூடும், அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். பேட்டா பிளாக்கரின் லாபத்தில் இது ஒரு சின்னப் பிடித்தம். நிகர லாபம் இருக்கிறது, ஐந்து கம்பம் பதினொன்றானதே சாட்சி.

இதனால்தான் பலருக்கு நைட்ரேட் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நைட்ரேட் சிரைகளைத் தளர்த்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும், இதயம் சிறுக்கும். ஆனால் தனியாக எடுத்தால் நாடி ஓட்டம் பிடிக்கும். அந்த ஓட்டத்தைப் பேட்டா பிளாக்கர் பிடித்து நிறுத்தும். ஒன்றின் குறையை மற்றது மூடுகிறது. நானும் என் மனைவியும் மாதிரி என்று எழுதலாம், அவர் இதைப் படிப்பார் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

யாரும் என்னைப் பார்த்து வலி வரும் வரை நடந்து பிரஷர் அளக்காதீர்கள். எனக்கு மனைவி கம்பத்தடியில் கஃப் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மோட்டாரில் போன ஒரு பையன் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டான். வந்தவர்கள் திட்டியதை எழுத முடியாது. அன்றோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. இப்போது கம்பம் எண்ணுவது மட்டும்தான், லேசாக இறுகும்போதே நின்றுவிடுவேன்.

மார்ச் 8, காலை

தம்பி எழுதியிருக்கிறார்: போன் செய்தாராம், முழு மாத்திரையே கொடுக்கச் சொன்னார்களாம், அப்பாவுக்கு மயக்கம் ஏதும் இல்லையாம். நல்லது.

மார்ச் 9, இரவு 11

எல்லாம் ஒரே சரக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் மூன்றை அனுபவித்தவன், என் அப்பா நாலாவதை அனுபவித்தார். ஆளாளுக்கு ஒரு கதை.

நெஞ்சு வலியை மட்டும் வைத்துப் பார்த்தால், சரியான அளவில் கொடுத்தால், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. என் கம்பக் கணக்கிலேயே அட்டெனோலாலில் 11, மெட்டோப்ரோலாலில் 10 அல்லது 11, பைசோப்ரோலாலில் 12. அந்த ஒரு கம்பம் மருந்தாலா, நான் ஆறு கிலோ இளைத்ததாலா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. அட்டெனோலால் 50, மெட்டோப்ரோலால் 100, பைசோப்ரோலால் 5, இவை ஏறக்குறைய ஒரே எடைக்கற்கள். அதனால் உங்கள் அப்பாவுக்கு 50-லிருந்து 5-க்கு இறக்கிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். பத்தில் ஒரு பங்கு மருந்து இல்லை அது. எடைக்கல் தெரிந்துவிட்டது என்று வீட்டிலேயே மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

வித்தியாசம் எல்லாம் இதயத்துக்கு வெளியே இருக்கிறது.

என் அப்பாவின் ப்ரோப்ரனோலால் பழைய தலைமுறை. நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலின் போய் உட்காரும் இடங்களைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் இருக்கிற பேட்டா-1 பூட்டையும் அடைக்கும், மூச்சுக்குழாயில் இருக்கிற பேட்டா-2 பூட்டையும் அடைக்கும். எங்கள் லயத்தில் ஒரு பாட்டிக்கு ஆஸ்துமா. படபடப்பு என்றதும் அப்பாவின் டப்பாவிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி விழுங்கிவிட்டார். சர்க்கரை கடன் வாங்குகிற மாதிரி மாத்திரையும் கடன் வாங்கிய காலம். அரை மணி நேரத்தில் நெஞ்சு விசில் அடித்தது. டிரஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், ஓடிவந்து, தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அடுத்தவர் மாத்திரையை நான் தொடாததற்குக் காரணம் அந்த விசில் சத்தம்.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் மூன்றும் பேட்டா-1 பூட்டையே அதிகம் தேடிப் போகும். அதில் பைசோப்ரோலால் இன்னும் குறி தப்பாதது. ஆனாலும் அளவு கூடினால் இவையும் மூச்சுக்குழாய்ப் பக்கம் கை வைக்கும்.

மார்ச் 10

தொடர்ச்சி. அட்டெனோலாலை ஐந்து வருடம் சாப்பிட்டேன். கை கால் ஐஸ் மாதிரி. காலையில் கைகுலுக்கியவர்கள் தவளையைத் தொட்டது போல் கையை இழுத்தார்கள். அது தண்ணீரில் கரையும் சரக்கு, சிறுநீரகம் வழியாக வெளியேறும். எனக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வேறு. 2014-இல் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தது, மருந்து உடம்பில் தேங்கி நாடி 46-க்கு இறங்கியது. படியேறினால் கண் இருட்டியது.

மெட்டோப்ரோலாலுக்கு மாற்றினார்கள். அது கொழுப்பில் கரையும், கல்லீரல் கவனித்துக்கொள்ளும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. ஆனால் அது மூளைக்குள்ளும் போகும். ராத்திரி கனவு! இறந்துபோன தண்டல்கள் (கங்காணிகள்) எல்லாம் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள், நான் பெயர் கூப்பிடுகிறேன், யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு வருடம் இந்தப் பெரட்டு. இரண்டு வேளை மாத்திரை வேறு, ராத்திரி வேளையை மறந்தால் காலையில் மேடு ஏறும்போது நெஞ்சு நினைவூட்டும். ஒரே வேளை போதுமான மெதுவாகக் கரையும் மெட்டோப்ரோலாலும் உண்டு, எனக்குக் கொடுத்தது அதுவல்ல.

2017-இல் பைசோப்ரோலால். பாதி கல்லீரல் வழி, பாதி சிறுநீரகம் வழி. ஒரு கதவு அடைபட்டால் மற்றது. பத்துப் பன்னிரண்டு மணி நேர அரை ஆயுள், அதனால் ஒரு வேளை போதும். தண்டல்கள் திரும்ப வரவில்லை. சில சமயம் அவர்களைப் பார்க்கத் தோன்றுகிறது, அது வேறு.

மார்ச் 14

ஒருவர் கேட்டிருக்கிறார்: இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது, நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று, கிண்டலாக.

உண்டு. சர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். டாக்டருக்குப் படித்து முடித்ததும் கழுத்துவரை கடன். அதை அடைக்க 1947-இல் சிங்கப்பூருக்கு வந்து, ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் மூன்று வருடம் பாடம் நடத்தினார். மலாயாவுக்கு டாக்டர்களை உருவாக்கிய கல்லூரி அது. நம் தாத்தாக்கள் பார்த்த டாக்டர்களில் சிலர் அவரிடம் படித்திருக்கலாம். அந்த நடுவில் 1948-இல், அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்பவர் அட்ரினலின் போய் உட்காரும் பூட்டுகள் ஆல்பா, பேட்டா என இரண்டு வகை என்று எழுதினார். முதலில் அனுப்பிய இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அதே 1948, ஜூன் 16. எங்கள் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. அப்பா அந்தக் காலையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். நெஞ்சு படபடக்க வைக்கிற பூட்டுக்கு உலகத்தில் பெயர் வைத்த வருடமும், எங்கள் ஊருக்கே நெஞ்சு படபடத்த வருடமும் ஒன்றுதான்.

பிளாக்கின் அப்பா ஒரு கார் விபத்துக்குப் பிறகு மாரடைப்பில் இறந்தவர். அதுவரை எல்லோரும் இதயத்துக்கு ரத்தத்தைக் கூட்டுவது எப்படி என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாக் திருப்பிப் போட்டார்: வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறை. கிராணிக்கு உடனே புரிகிற யோசனை. முதலில் செய்த ப்ரோனெத்தலால் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால் கைவிட்டு, 1960-களின் நடுவில் ப்ரோப்ரனோலாலைக் கொண்டுவந்தார்கள். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு, வேறு இருவரோடு சேர்த்து.

மார்ச் 21

பஹாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருக்கு வலி நடக்கும்போது வருவதில்லை; விடியற்காலை நாலு மணிக்கு, படுக்கையில். பேட்டா பிளாக்கர் ஆரம்பித்த பிறகு கூடியிருக்கிறது. நான் தனிச்செய்தியில், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பதில் போட்டேன்.

மார்ச் 22, காலை 5

அந்தப் பதிலை வாபஸ் வாங்குகிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, மெட்டோப்ரோலால் இல்லாமலே.

அடைப்பினால் வருகிற வலி ஒன்று. குழாய் தானாக இறுகிக்கொள்வதால் வருகிற வலி இன்னொன்று. இரண்டாவதை 1959-இல் பிரின்ஸ்மெட்டல் என்ற டாக்டர் விவரித்தார். அது ஓய்வில், பெரும்பாலும் பின்னிரவில், விடியற்காலையில் வரும். அதற்குப் பேட்டா பிளாக்கர் உதவாது, சிலருக்குக் கூட்டியும் விடும், முக்கியமாக ப்ரோப்ரனோலால் வகை. ஏனென்றால் குழாயைத் தளர்த்தும் பேட்டா-2 அடைபட்டால் இறுக்கும் ஆல்பா தனிக்காட்டு ராஜா. அங்கே குழாயைத் தளர்த்தும் கால்சியம் பிளாக்கர்தான் மருந்து. சகோதரிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலை வலி, அதுவும் மாத்திரைக்குப் பிறகு கூடிய வலி என்பதை டாக்டரிடம் அதே வார்த்தையில் உடனே சொல்ல வேண்டும். ஓய்வில் வருகிற வலியைப் பழகிக்கொள்ளச் சொன்ன கிழவனை மன்னிக்கவும்.

மார்ச் 22, இரவு

கால்சியம் பிளாக்கர் என்றதும் மூன்று பேர் பெயர் கேட்டுவிட்டார்கள். அம்லோடிபின் பேட்டா பிளாக்கரோடு சேரும். வெராபமில் சேராது, இரண்டும் சேர்ந்தால் இதயத்தின் மின்சாரமே கட்டாகிவிடலாம். டில்டியாசெமும் அந்தக் குடும்பம், கொஞ்சம் சாது.

தனித்தனியாக மோதவிட்ட ஆய்வுகள் உண்டு. ஸ்டாக்ஹோமில் 809 பேரில் ஒரு பகுதிக்கு மெட்டோப்ரோலாலும் மறு பகுதிக்கு வெராபமிலும் கொடுத்துப் பார்த்து 1996-இல் வெளியிட்டார்கள். உயிரைக் காப்பதில் இரண்டும் ஒன்றுதான். அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொன்றில் பைசோப்ரோலாலும் நிஃபெடிபின் என்ற கால்சியம் பிளாக்கரும். 48 மணி நேரம் உடம்பில் ஈசிஜி மெஷினைக் கட்டிவிட்டு, இதயம் ரத்தத்துக்கு ஏங்கிய தடவைகளை எண்ணினார்கள். பைசோப்ரோலாலில் 8.1 தடவை 3.2 ஆனது, நிஃபெடிபினில் 8.3 தடவை 5.9 ஆனது. அந்த ஏக்கங்களில் பெரும்பாலானவை வலியே இல்லாதவை. இது என்னைக் கொஞ்சம் கலக்கியது. வலி வந்த கம்பத்தை மட்டும் எண்ணுகிறவன் வலிக்காத ஏக்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவான்?

ஏப்ரல் 6

வாட்ஸப்பில் சுற்றுகிறது: பேட்டா பிளாக்கர் பயனற்றது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். என் மச்சான் மாத்திரையைக் குப்பையில் போடப் போனார்.

அனுப்பியவர் பாதிதான் படித்திருக்கிறார். 2024-இல் வந்த ஆய்வு அது. ஸ்வீடன், எஸ்டோனியா, நியூசிலாந்து, மொத்தம் 5,020 பேர். மாரடைப்பு வந்து, நவீன சிகிச்சையும் முடிந்து, இதயத்தின் தள்ளும் சக்தி குறையாதவர்கள். அவர்களுக்கு இந்த மாத்திரையால் மரணமோ அடுத்த மாரடைப்போ குறையவில்லை. சரி. ஆனால் நாம் பேசுவது வலியை. என்னைப் போல மாரடைப்பே வராத வலிக்காரர்களுக்கு இந்த மாத்திரை ஆயுளைக் கூட்டுகிறது என்று முன்பும் நிரூபணம் கிடையாது. நான் சாப்பிடுவது கோயில்வரை நடப்பதற்கு. அதே வருடம் பிரான்ஸில் 3,698 பேரை வைத்து, பழைய மாரடைப்புக்காரர்கள் மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்த்தார்கள். நிறுத்தியவர்களுக்கு நாடியும் பிரஷரும் ஏறின, இதயக் கோளாறுக்காக ஆஸ்பத்திரிக்குப் போவதும் கூடியது. மச்சான் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 7

நானும் ஒரு தடவை நிறுத்தியிருக்கிறேன். வேண்டுமென்று இல்லை. 2012, ஜொகூரில் கல்யாணம், பட்டுவேட்டி எல்லாம் பெட்டியில், மாத்திரை வீட்டு ஐஸ்பெட்டி மேல். நாலு நாள்தானே என்று விட்டேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை, கை கூடச் சூடாக இருந்தது, இளமை திரும்பிவிட்டது என்று பந்தியில் பரிமாறினேன். மூன்றாம் நாள் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சைப் பிடித்தது. நாடி 110. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கைப்பையில் இருந்ததால் பிழைத்தேன்.

பூட்டுகளை வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் உடம்பு புதுப் பூட்டுகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. திடீரென்று அடைப்பை எடுத்தால் அட்ரினலின் எல்லாவற்றிலும் ஒன்றாகப் போய் உட்காரும். மருந்தையே நிறுத்த வேண்டி வந்தால்கூட டாக்டர்கள் ஒரு வாரம், இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்கள். தம்பி பாதியாக உடைத்ததும் நான் கத்தியதற்கு இந்தக் கல்யாணமே காரணம்.

ஏப்ரல் 19

இனிப்பு நீர்க்காரர்களுக்கு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், எல்லா இனங்களிலும் நாம்தான் முன்னால். ஆகவே இந்த இழையைப் படிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு இது.

சர்க்கரை இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பேட்டா பிளாக்கர் அந்த இரண்டு எச்சரிக்கை மணியையும் அடைத்துவிடும். வேர்வை மட்டும் மிஞ்சும். கோயிலுக்கு விரதம் இருந்த ஒரு காலையில் எனக்குச் சட்டை தொப்பலாக நனைந்தது, மற்றபடி ஒன்றுமே இல்லை, வெயில் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த அக்கா ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு மைலோவை வாயில் ஊற்றினார். அளந்தபோது சர்க்கரை 3.1 மில்லிமோல், ரொம்பத் தாழ்வு. காரணமில்லாத வேர்வை வந்தால் முதலில் சர்க்கரையை அளந்துவிடுங்கள்.

ஏப்ரல் 20

யாரோ தைரியமாகக் கேட்டுவிட்டார், ஆண்மை குறையுமா என்று. சிலருக்குக் குறையலாம், டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பாசா மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற தொங்கட் அலி மூலிகைக் கோப்பிப் பொட்டலத்தை மட்டும் வாங்காதீர்கள். அந்த மாதிரிச் சரக்குகளில் சில்டெனாஃபில் (வயாகரா) வகை மருந்தைக் கலந்து விற்றதைச் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. நாக்குக்கு அடியில் நைட்ரேட் வைக்கிறவன் அதைக் குடித்தால் பிரஷர் தரைக்குப் போகும். கோப்பி குடிக்கப் போனவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

மே 11

தம்பி திரும்ப வந்திருக்கிறார். அப்பாவுக்கு நாடி 56, தலைச்சுற்றல் இல்லை, கை சில்லிப்பு குறைந்திருக்கிறது. கடைவரை நடந்து போய்த் தே தாரிக் குடிக்கிறாராம், சர்க்கரை இல்லாமல், அதை நான் நம்பவில்லை. என்னுடைய கம்பக் கணக்கைப் படித்துக் காட்டியிருக்கிறார். அப்பா கேட்டாராம்: எங்கள் பக்கம் விளக்குக் கம்பமே இல்லையே, நான் எதை எண்ணுவது?

செம்பனையை எண்ணச் சொல்லுங்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர்தானே நடுகிறார்கள். குலை வெட்டியவருக்கு அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சாப்பிட்டவுடன் எண்ண வேண்டாம், வயிறு நிறைந்திருந்தால் எனக்கே இரண்டு கம்பம் குறையும். இறுகுகிற மாதிரி தோன்றியதும் நிற்கட்டும், எத்தனையாவது மரம் என்று தேதி போட்டு எழுதட்டும், அடுத்த அப்பாயின்மெண்டுக்கு அந்தத் தாளைக் கொண்டுபோகட்டும். எழுதாத செக்ரோல் புத்தகம் என்னிடம் இன்னும் இரண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.